ஊறுகாய் பாட்டிலில் பத்து மீன்

அவளுக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிப்பதில் பேர் வாங்கிய பலரை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள், மீதிப் பேர் மறதிக்காரர்கள். இவள் இரண்டுமில்லை. யார், எப்போது, என்ன வார்த்தை சொன்னார்கள் என்பது அவள் மண்டையில் அப்படியே இருக்கும். திருப்பிக் கொடுக்கும் நாள்வரை சிரித்த முகமாகவே இருப்பாள்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்னும் கடலூர்ப் பக்கம்தான் இருக்கிறாள். நான் எழுதியதில் ஏதாவது ஒரு இடம் தப்பாக இருந்தால் பஸ் ஏறி வந்து கேட்பாள். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், அதுவே போதும்.

அண்ணாமலை நகரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா. மோட்டார் சுவிட்ச் அவர் கையில். காலையில் பத்து நிமிஷம் தண்ணீர் விடுவார், அப்புறம் கிடையாது. ஒருநாள் நான் கேட்டதற்கு, "ரெண்டு பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி? மேல மீனா வளக்குறீங்க?" என்றார். நாங்கள் உண்மையிலேயே மீன் வளர்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் அங்கே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அக்கா சிரித்த முகமாகவே மாடி ஏறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடித் தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். நாங்கள் வேலை பார்த்த லேபுக்குக் கொண்டுபோய் அதில் இருந்த கொசுப்புழுவை எல்லாம் எண்ணினாள். பெரிய தாளில் ஒரு புழுவின் படத்தை, ரோமம் உட்பட, அழகாக வரைந்தாள். 'இந்த வீட்டுத் தொட்டியில் ஒரு டம்ளருக்குப் பதினேழு' என்று கீழே எழுதி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கேட்டில் ஒட்டிவிட்டாள்.

"ஒரு டம்ளருக்குன்னு ஏன்க்கா போட்ட? ஒரு சொட்டுக்குன்னு போடு. அலறிக்கிட்டு ஓடும்" என்றேன்.

"பொய் கலந்தா அது பழி இல்லடி. வெறும் வாய்ச்சண்டை."

மறுநாளே தொட்டி கழுவப்பட்டது. தண்ணீரும் தாராளமாக வந்தது. தாளை அந்த அம்மா கிழித்துப் போட்டார், ஆனால் புழு இல்லை என்று ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அக்காவின் எல்லாப் பழியும் இப்படித்தான் இருக்கும். மறுப்பதற்கு இடம் வைக்க மாட்டாள்.

ஒரு பஸ் கண்டக்டரும் அவளிடம் மாட்டினார். உப்பங்கழித் தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு கடலூரிலிருந்து வந்தபோது, மீன் நாற்றம் என்று சொல்லிப் பாதி வழியில் வெயிலில் இறக்கிவிட்டார். மறுநாள் அதே நேரம், அதே பஸ், அதே கேன். "லக்கேஜுக்கும் டிக்கெட் குடுங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். கேனை அவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். விதியில் அதற்கு இடமிருந்தது, படித்துவிட்டுத்தான் ஏறியிருந்தாள். ஒன்றரை மாதம் விடாமல் இப்படியே போனாள். கடைசியில் அவர்தான் வேறு ரூட்டுக்கு மாறிக்கொண்டு போனார். "பாவம்க்கா" என்றேன். "வெயில்ல நின்னது நானு. பாவம் அவரா?" என்றாள்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லவில்லையே. சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் இருக்கும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். இப்போது அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அக்கா அங்கே ஆய்வு மாணவி. நான் எடுபிடிக்குக் கொஞ்சம் மேலே.

கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன. சில சமயம் அதில் ஏதாவது ஒரு வகை கன்னாபின்னாவென்று பெருகி, தண்ணீரே டீ நிறத்துக்கு மாறிவிடும். நஞ்சுள்ள பாசியாக இருந்தால் வந்தது வினை. சேற்றில் கிடக்கும் மட்டி என்கிற சிப்பி அதை வடிகட்டித் தின்று, நஞ்சைத் தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. மட்டியைத் தின்றவர்களுக்குத்தான் ஆகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எப்போது பிடித்த மட்டி ஆளைக் கொல்லும் என்று ஆளுக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதற்குத்தான் மீன்.

அந்த மீன் ஒரு அங்குலம்கூட இருக்காது. கண் மட்டும் பெரிது. வலையில் வந்தால் மீன்காரர்கள் உதறிவிட்டுப் போவார்கள். ஆனால் அதன் முட்டையும் குஞ்சும் கண்ணாடி. அறுக்காமல் கொள்ளாமல், உள்ளே இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். நஞ்சு பட்டால் உடம்பு செயலற்றுப் போகும். மீன் அடியில் போய்ப் படுத்துவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. நஞ்சு ஊற்றும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நஞ்சில்லாத கிண்ணம் ஒன்றும் இருக்க வேண்டும். மீன், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் ஒன்றுபோல. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். கன்ட்ரோலில் மீன் செத்தால், சாவுக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நஞ்சுக் கிண்ணத்தில் என்ன நடந்திருந்தாலும் அது செல்லாது.

நான் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் கண் எரிய எரிய வேலை செய்து ஒரு சோதனையை முடித்தேன். கன்ட்ரோலில் முப்பது மீனுக்கு நாலு செத்துவிட்டது. மூன்று வரை பரவாயில்லை. அந்த நாலாவது மீனை நான் எழுதாமல் விட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாளோ, அக்கா என் நோட்டின் நாலு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டாள். எல்லாக் கிண்ணத்தையும் கவிழ்த்துக் கழுவினாள். நான் அழுதேன். திட்டினேன். அன்று சாயங்காலம் அவள் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ரெண்டு ஸ்பூன்" என்றாள். பிறகு ஒரு வாரம் என் டீயில் சரியாக இரண்டு ஸ்பூன் உப்பு விழுந்தது.

முதல் தடவை மஞ்சக்குப்பத்தில் இருந்த அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அவள் அம்மா இலையைப் போட்டு எல்லாம் பரிமாறினார். நான் கை வைப்பதற்கு முன்னால், என் எதிரிலேயே நின்று, சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் வரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டு, "நான் சாப்ட்டுட்டன் பாரு கண்ணு. இப்ப நீ சாப்புடு" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் லேபில், செத்த முட்டைகளைச் சின்ன இடுக்கியால் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

அக்கா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அவள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, புருஷனோடு ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில் ஒரு பை நிறைய மட்டி வாங்கி வந்திருந்தாள். "தண்ணி கலங்கலா இருக்குன்னு ஒருத்தனும் வாங்கல, சும்மா கெடச்ச மாதிரி" என்று பெருமையாகச் சொன்னாளாம். அம்மா சமைத்தார். வெள்ளிக்கிழமை விரதம் என்று அத்தை தொடவில்லை. மாமாவுக்கு மட்டி என்றால் உயிர், கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அப்பா கொஞ்சம் சாப்பிட்டார். அக்கா பள்ளிக்கூடம் போயிருந்தாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அம்மா உட்கார்ந்தபோது சட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. வழக்கம்போல ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

சிறிது நேரத்தில் மாமாவுக்கு உதடு மரத்தது. பிறகு விரல். பிறகு கை கால் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிலில் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார். பொழுது சாயும் முன்னே போய்விட்டார். அப்பாவுக்கு உதடு மரத்ததோடு சரி. ஆஸ்பத்திரிச் சீட்டில் உணவு நஞ்சு என்று எழுதியிருந்தது. அதில் பொய்யில்லை. எது உணவு, எது நஞ்சு என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

அத்தை பிரித்துச் சொன்னாள். மாமாவுக்கு மூச்சு இருக்கும்போதே, கட்டில் பக்கத்திலேயே அம்மாவின் தலைமுடியைப் பிடித்து, "நீ மட்டும் ஏன்டி சாப்புடல?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். சொந்தபந்தம் மொத்தமும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக அம்மா கையால் யாரும் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் விட மாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் அம்மா பாயசம் எடுத்துக்கொண்டு பந்திக்கு வர, வரிசையாக எல்லாரும் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்களாம். அப்பாவும் தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அப்பா மேலும் கோபம்தான்.

"மட்டி வாங்கியாந்தது யாருன்னு ஒருத்தர்கூட கேக்கலடி" என்றாள் அக்கா. "நான் கேக்க வெப்பன்."

அதற்காகத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். கடல்மேல் ஆசைப்பட்டு வந்த எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். பழிக்காக வந்தவள் ஒருநாள் லீவு போடவில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் தண்ணீர் நிறம் மாறியது. அக்கா உப்பங்கழியில் இடுப்பளவு சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கி வந்தாள். லேபில் நாலு தடவை சோதித்தோம், நாலு தடவையும் மீன் படுத்தது. கன்ட்ரோல் சுத்தமாக இருந்தது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. "இது நமக்குத் தெரிஞ்சா போதுமா? அவுங்க கண்ணால பாக்கணும்" என்றாள்.

அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. கறிவிருந்து, உறவு மொத்தமும் கூடும். அக்கா திட்டம் போட்டாள். அகலவாய் ஊறுகாய் பாட்டில் இரண்டு, ஒவ்வொன்றிலும் பத்து மீன். அன்று காலை மஞ்சக்குப்பத்து வீட்டில் அம்மாவே இரண்டு சட்டியில் மட்டி வேகவைக்க வேண்டும். ஒன்றில் நிறம் மாறிய தண்ணீரில் எடுத்த மட்டி. இன்னொன்றில், நல்ல பருவத்தில் எடுத்து, சோதித்து, ஐஸில் வைத்திருந்த மட்டி. உப்பு, தண்ணீர், நேரம் எல்லாம் ஒன்றே. இரண்டு சாற்றையும் வடிகட்டித் தனித்தனிப் பாட்டிலில் ஊற்றினால், ஒன்றில் மீன் சாகும், இன்னொன்றில் ஓடும். சமைத்த கை ஒன்றுதான் என்று உலகத்துக்கே தெரியும்.

"ரெண்டும் என் கைதான?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

"ரெண்டும் உன் கைதான்மா."

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நஞ்சு ஊற்றப்போகும் பாட்டில் அவளிடம், கன்ட்ரோல் என்னிடம். மஞ்சக்குப்பத்தில் அம்மா சமைத்து முடித்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினோம். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி நடக்கும்போது வெயில் கொளுத்தியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் சாற்றுப் பாத்திரங்களோடும் அம்மாவோடும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மீனுக்குக் காற்று வேண்டும் என்று நான் என் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பந்தல் வாசலில் இரண்டு பெண்கள் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் சொம்போடு நின்றார்கள். "வாங்கக்கா, வாங்க" என்று ஒருத்தி உற்சாகமாகப் பன்னீரை என்மேல் வீசினாள். வெயிலுக்கு இதமாக இருந்தது. "இன்னொரு தடவ தெளியேன்" என்று நானே கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

காது குத்தி முடிந்தது. பந்தி போடும் முன்னால் அக்கா பந்தலின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு இரண்டு பாட்டிலையும் வைத்தாள். ஏதோ வித்தை என்று எல்லாரும் சுற்றிக் கூடினார்கள். யாரையும் திட்டாமல், நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே இரண்டிலும் சாற்றை ஊற்றச் சொன்னாள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊற்றினார்.

சில நிமிஷத்தில் முதல் பாட்டிலில் ஒரு மீன் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. பத்தும் ஒவ்வொன்றாகக் கீழே போய்ப் படுத்துக்கொண்டன. ஒரு பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப கோளாறு மட்டியிலதான் இருந்துதா? அன்னைக்கி மட்டி யாரு வாங்கியாந்தது?"

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. எல்லார் தலையும் அத்தை பக்கம் திரும்பியது. அத்தையின் கண் மட்டும் படுத்திருந்த மீன்களைவிட்டு நகரவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் பாட்டிலைப் பார்த்தேன். ஒன்று சாய்ந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க இன்னொன்றும் சாய்ந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அக்கா பார்த்துவிட்டாள். பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் வை என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் பாட்டிலை எடுத்தாள். மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுலயும் ரெண்டு மீனு படுத்துடுச்சி. உள்ள பன்னீர் விழுந்துருக்கு. அதனால இது செல்லாது. நான் திரும்பச் செஞ்சி காட்டுறன்."

அத்தைக்கு உயிர் திரும்பி வந்தது.

"பன்னீரா? பன்னீர்ல எந்த ஊருல மீனு சாவுது? எங்க வூட்டுப் பன்னீரும் விஷமாடி இப்ப?" என்று கத்தினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டும் அவ செஞ்சதுதான? ரெண்டுலயும் சாவுது. கெட்ட மட்டி, நல்ல மட்டி எல்லாம் சும்மா. அவ கை பட்டா சாவுது. இதுக்கு மேல உங்களுக்கு என்னா சாட்சி வேணும்?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். யாரோ பந்திக்கு நேரமாச்சு என்றார்கள். அம்மா சாற்றுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

சாப்பிடாமல் கிளம்பினோம். மஞ்சக்குப்பத்தில் பஸ் நின்றது. இறங்கும்போது அம்மா, "நீ ஏன்டி சொன்ன? ஒருத்தரும் பாக்கலயே" என்றார்.

"நான் பாத்தனேம்மா" என்றாள் அக்கா.

மூடியைத் திறந்து வைத்ததும், பன்னீரை இன்னொரு தடவை கேட்டு வாங்கியதும் நான்தான் என்று அன்றே அவளிடம் ஒப்புக்கொண்டேன். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் என் மேஜையில் ஒரு புதுப் பன்னீர் பாட்டிலை வைத்து, பல அளவில் கலந்து மீனுக்கு ஊற்றி, எந்த அளவில் சாகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். கன்ட்ரோலோடு. இரண்டு வாரம் ஆனது. வாசனையில் தலை சுற்றியது. கடைப் பன்னீரில் நன்றாகவே சாகின்றன என்பதை என்னைப் போல உறுதியாகச் சொல்லக்கூடியவர் தமிழ்நாட்டில் இன்னொருவர் இருக்க மாட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் லேப் வாசலில் அத்தை வந்து நின்றாள். கூட யாரும் இல்லை. பாதி இளைத்திருந்தாள். விரட்டிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அத்தைக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"அத திரும்பக் காட்டு" என்றாள் அத்தை. "அன்னைலேர்ந்து தூக்கம் இல்ல. அந்த மீனு படுத்துச்சே, அப்டியேதான் அவரு படுத்திருந்தாரு. அங்கியே எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

"அங்கியே தெரிஞ்சும் கத்துனீங்க."

அக்கா, முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு நாளான ஒரு மீன் குஞ்சை எடுத்து, மட்டிச் சாற்றில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். விளக்கைப் போட்டு, அத்தையின் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தாள். அத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"செத்துடுச்சா?"

"இல்ல. நடுவுல செவப்பா துடிக்குது பாருங்க. அதான் இதயம்."

"ஆனா அசையலயே."

"அசைய முடியாது. இன்னும் சாவல."

அத்தை கண்ணை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மட்டிய நான்தான் வாங்கியாந்தன்" என்றாள். யாரோ அடித்துக் கேட்டதுபோல, சன்னமான குரல். "உங்கம்மா கால்ல வுழட்டுமா?"

"அம்மா கால்ல வேணாம். அது உங்க ரெண்டு பேருக்குள்ள முடிஞ்சி போயிடும்." அக்கா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். காதுகுத்துக்கு வந்த வீடுகளை வரிசையாக எழுதினாள். யோசிக்கவே இல்லை, எல்லாம் மனப்பாடமாக இருந்தது. "ஒவ்வொரு வூட்டுக்கும் நீங்களே போயி, இப்ப சொன்னத அங்க சொல்லுங்க. கடைசியா எங்க வூட்டுக்கு வாங்க. அம்மா சோறு போடுவாங்க. சாப்புடுங்க."

அத்தை தாளை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "போறன். எல்லா வூட்டுக்கும் போறன்" என்றாள். பொய் சொல்லும் முகமில்லை அது. பிறகு உண்மையாகவே போனாள், ஒரு வீடு விடாமல். அதை நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷக் கணக்கு அந்த இடத்திலேயே தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அத்தை எழுந்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறன். கடைசில அவருக்கு நெனவு இருந்திருக்காது இல்ல? ஒண்ணும் தெரியாமத்தான போயிருப்பாரு?"

நான் அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அத்தையை எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆனாலும் இழுத்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். அக்கா என் கையை எடுத்துவிட்டாள்.

"இல்ல அத்த. இந்த நஞ்சு மூளைக்குப் போறதில்ல. கண்ணு, வாயி, கை, காலு எதையும் அசைக்க முடியாது, ஆனா காது கேக்கும். கடைசி மூச்சு வரைக்கும் மாமாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். நீங்க பக்கத்துல நின்னு எங்கம்மா தலமுடியப் புடிச்சி கத்துனதயும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தாரு. அவ மேல தப்பு இல்லடி, நீ வாங்கியாந்த மட்டிதான்டின்னு அவரால சொல்ல முடியல. அவ்ளோதான்."

அத்தை அழவில்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அந்தக் குஞ்சின் இதயம் நிற்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்று, விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள்.